கரம்பை அடித்த மைதானத்தில் மூன்றுக்கு ஒன்று

தோற்று நான்கு நாள் ஆகிறது. கோபம் ஆறினதும் எழுதலாம் என்று பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. இனி ஆறாது என்று தெரிந்துவிட்டதால் எழுதுகிறேன். வழக்கம்போல நேரம், தூரம், செலவு எல்லாம் கொடுத்திருக்கிறேன். மழைக்காலத்தில் கரிசல் பக்கம் போக நினைப்பவர்களுக்கு உதவும். திட்டு வேண்டாம், தகவல் மட்டும் போதும் என்பவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம்.

நான் படித்த பொறியியல் கல்லூரி எட்டயபுரத்தைத் தாண்டி, விளாத்திகுளம் சாலையில் இருக்கிறது. பெயர் எழுதப்போவதில்லை, கேட்டுப் பின்னூட்டம் போடாதீர்கள். படித்தது சிவில். நான்கு வருடமும் கால்பந்து அணியில் தடுப்பு ஆட்டக்காரன். கோவில்பட்டி வட்டாரம் ஹாக்கிக்குப் பேர்போனது. அங்கே போய் கால்பந்து ஆடுவது சைவ ஓட்டலில் ஆம்லெட் கேட்பது மாதிரி. நாங்கள் சேர்ந்தபோது மைதானமே கிடையாது. வேலிக்கருவை மண்டிக் கிடந்த இடத்தை நாங்களே வெட்டித் திருத்தினோம். பிறகு நிர்வாகத்தின் காலைக் கையைப் பிடித்து லாரி லாரியாகச் சரள் மண் கொட்டவைத்து, உருளை விட்டு இறுக்கினோம். விழுந்தால் முட்டி தேயும். ஆனால் எவ்வளவு மழை பெய்தாலும் அரைமணி நேரத்தில் தண்ணீர் வடிந்துவிடும்.

இந்த வருடம் அந்த அணி முதல்முறையாக மண்டல இறுதிப் போட்டிக்கு வந்தது. அதுவும் சொந்த மைதானத்தில். கல்லூரித் தாளாளருக்குத் தீப்பெட்டி ஆபீஸும், அதாவது தொழிற்சாலையும், உண்டு என்பதால் எல்லோரும் அவரை முதலாளி என்றுதான் சொல்வார்கள். அவர் கணக்கு எளிமையானது: கோப்பை வந்தால் அணி இருக்கும், வராவிட்டால் ஜனவரியில் மைதானத்தில் புது ஹாஸ்டலுக்கு அஸ்திவார வானம் தோண்டுவார்கள், அணியைக் கலைத்துவிடுவார்கள். அணித் தலைவன் கருப்பசாமி, கடைசி வருட மாணவன், பழைய ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டான். "அண்ணே, நீங்கள்லாம் வந்து நின்னாலே போதும். மொதலாளி பாக்கட்டும், இந்த டீமுக்கும் ஆள் இருக்குன்னு" என்றான். சென்னையில் பாலம் கட்டும் சைட்டில் இரண்டு நாள் விடுப்பு எடுக்க நான் பட்ட பாடு தனிக் கதை.

தீபாவளிக்கு அடுத்த வாரம், வெள்ளிக்கிழமை எழும்பூரில் ரயில் ஏறினேன். படுக்கை வசதிக்கு 272 ரூபாய். சனிக்கிழமை காலை 6.50க்குக் கோவில்பட்டி, இருபது நிமிடத் தாமதம். சாத்தூரில் கண் விழித்தபோதே ஜன்னல் கம்பியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இரவெல்லாம் மழை பெய்திருக்கிறது. எனக்கு அப்போது சந்தோஷம்தான். எதிரணி நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி, புல் மைதானத்தில் ஆடிப் பழகியவர்கள். நனைந்த சரளில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும், அவர்களுக்குப் பிடிபடாது, நமக்குத்தான் அத்துப்படி என்று மனசுக்குள் கோல் கணக்கே போட்டுவிட்டேன்.

ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் குளிக்கலாம், தண்ணீர் வந்தது. வெளியே வந்து வலது பக்கம் இரண்டாவது கடையில் நான்கு இட்லி, ஒரு வடை, காபி, எல்லாம் சேர்த்துப் பதினாறு ரூபாய். சட்னியில் உப்பு அதிகம். எட்டயபுரத்துக்குப் பேருந்துகள் அடிக்கடி இருக்கின்றன. 15 கி.மீ., முப்பத்தைந்து நிமிடம், ஐந்து ரூபாய். அங்கே இறங்கி அரண்மனையை வெளியிலிருந்து பார்த்தேன். அதைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை, மற்றவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். மழை முழுசாக விடும்வரை அங்கேயே ஒதுங்கி நின்று, மதியச் சாப்பாட்டையும் முடித்த பிறகு, 2.10க்கு விளாத்திகுளம் பேருந்து கிடைத்தது.

"காலேஜ் ஸ்டாப் ஒண்ணு" என்றேன் நடத்துநரிடம்.

"இன்னைக்கு லீவுல்லா?"

"மேட்ச் இருக்கு அண்ணாச்சி. ஃபைனல்."

"ஹாக்கியா?"

"ஃபுட்பால்."

டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்தார். "சரி, அதையும் யாராவது பாக்கணும்லா" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார்.

நிறுத்தத்தில் இருந்து கல்லூரி 1.2 கி.மீ. உள்ளே. பாதி தூரத்துக்குத்தான் தார். மீதி கரிசல் மண் பாதை. பார்க்காதவர்களுக்காக: கரிசல் காய்ந்தால் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும், நனைந்தால் ஊறி உப்பிப் பசை மாதிரி ஒட்டும். பத்து எட்டு வைப்பதற்குள் என் ஷூ ஒவ்வொன்றும் தலையணை அளவுக்கு ஆகிவிட்டது. பின்னால் வந்த டிராக்டர் என் பக்கத்தில் நின்றது.

"சார், எங்க ஊரு மண்ணை எங்கன கொண்டு போறீய?" என்றார் ஓட்டியவர். முப்பது வயது இருக்கும். "சூவக் கழத்திக் கையில எடுங்க. மழையில கரிசலுக்குள்ள சூ போட்டு நடக்கவன் அசலூர்க்காரனாத்தான் இருப்பான்."

"எனக்குக் கயத்தாறுதான் அண்ணாச்சி."

"கயத்தாறா? வெளிய சொல்லீராதீய. ஏறுங்க."

அவர் பெயர் அய்யாத்துரை. கருப்பசாமியின் அண்ணன். தம்பி ஆட்டத்தைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தார். மட்கார்டு மேல் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஷூ மடியில். அவர் ரொம்பப் பெருமையாக ஸ்டியரிங்கைத் தட்டிச் சொன்னார்: "இன்னைக்கு உங்க பயலுவ மெத்தையில ஆடப்போறாவ சார். இந்த வண்டிதான் நாப்பது நடை அடிச்சுது."

"என்னது அடிச்சுது?"

"கரம்பை. புஞ்சைக்கு அடிக்கணும்னு கோடையில கண்மாயில அள்ளிக் குமிச்சு வச்சிருந்த மண்ணு. பயலுக்கு முட்டியெல்லாம் பேந்து போச்சேன்னு குடுத்தோம். ரெண்டு கோல் பக்கமும் பாறை மாதிரி இருந்த தரை, இப்பம் பஞ்சு."

கரம்பை என்றால் கண்மாயின் அடியில் படிகிற வண்டல். மானாவாரிப் புஞ்சைக்கு அதைவிட நல்ல உரம் இல்லை. தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், மழை தள்ளிப்போனாலும் பயிர் தாங்கும். சம்சாரிக்கு, அதாவது விவசாயிக்கு, தண்ணீரைப் பிடித்துவைக்கும் மண்தான் நல்ல மண். கால்பந்து மைதானத்துக்குத் தண்ணீரை விட்டுத்தொலைக்கிற மண்தான் நல்ல மண். இதை முதல் வருட சிவில் மாணவன் சொல்வான். நாற்பது நடை, நடைக்கு ஏறக்குறைய நூறு கன அடி, இரண்டு கோல் பகுதிகளின் பரப்பு. டிராக்டரிலேயே கணக்குப் போட்டேன். மூன்று அங்குலம். நாங்கள் உருளை விட்டு இறுக்கிய சரள் மேல் மூன்று அங்குலக் களி.

"யாரு அண்ணாச்சி அடிக்கச் சொன்னது?" குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"பயலுவளே முடிவு பண்ணினதுதான். சும்மா அடிக்கல சார், யாரோ ஒரு எஞ்சினீயர்ட்ட போன்ல கேட்டுட்டுத்தான் தம்பி அடிச்சான். அவரு நல்லதுன்னுட்டாராம்."

"அவன் எஞ்சினீயரே இல்ல" என்றேன்.

மைதானத்தின் நடுப்பகுதி பழையபடி சிவப்பாக, இறுகி, தண்ணீர் வடிந்து கிடந்தது. இரண்டு கோல் முன்னாலும் கறுப்பாக, பளபளவென்று இரண்டு பெரிய சதுரம். கட்டைவிரலை வைத்து அழுத்தினேன், முழுசாக இறங்கியது. இதற்குள் எதிரணி வந்துவிட்டிருந்தது. அவர்கள் பயிற்சியாளர் பேன்ட்டைச் சுருட்டிவிட்டு, வெறுங்காலோடு அந்தக் கறுப்புச் சதுரத்துக்குள் இறங்கி, குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பந்தைத் தரையோடு உருட்டினார். ஐந்தடியில் நின்றது. மேலே தூக்கிப் போட்டார். சொத்தென்று விழுந்து எழும்பாமல் கிடந்தது. தலையை ஆட்டிக்கொண்டு போய்ப் பையன்களைக் கூப்பிட்டுப் பேசினார். நம் ஆட்கள்? உடை மாற்றும் அறையில் சாமி படத்துக்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்தார்கள். சொந்த மைதானமாம், பார்க்க என்ன இருக்கிறது என்று.

உள்ளே போய் கத்தினேன். உடற்பயிற்சி ஆசிரியர், நாங்கள் பி.டி. சார் என்போம், நல்ல மனிதர், சத்தம் போடத் தெரியாதவர். "மூணு வாரமா நல்லா இருந்துச்சுப்பா. ஒரு பய முட்டி தேயல" என்றார்.

"மூணு வாரமா மழை இல்ல சார்!" என்று சொல்லிவிட்டுப் பையன்கள் பக்கம் திரும்பினேன். "எந்த எஞ்சினீயர்டே உங்களுக்கு இதைச் சொன்னது? அவன் மட்டும் கையில கெடைச்சான்னா, இந்தச் சகதியிலயே போட்டுப் பொரட்டிருவேன்."

பதினொரு பேரும் ஷூ நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்துக்கு முன்னால் பயம் என்று நினைத்தேன். கருப்பசாமிதான் கடைசியில் நிமிர்ந்தான். "ஆடிருவோம்ணே" என்றான்.

"மேலயே அடிங்க. கோல் பக்கம் பந்தைத் தரையில விட்டியன்னா செத்துரும்" என்று சொன்னேன். நாலு வருடமாகத் தரையோடு சின்னச் சின்னதாகக் கடத்தி ஆடியே பழகியவர்களிடம், ஆட்டத்துக்குக் கால்மணி நேரம் இருக்கும்போது சொன்னேன். எந்தப் பிரயோஜனமும் இல்லை.

3.30க்கு ஆரம்பம். நடுவில் நாங்கள் ராஜா. சிவப்புத் தரையில் நான்கு பேர் பந்தைக் கடத்திக்கொண்டு போகும் அழகைப் பார்த்தால் சண்டைக்காரனும் கைதட்டுவான். கறுப்புக்குள் நுழைந்ததும் பந்து நின்றுவிடும். ஓடினவன் பந்தைத் தாண்டிப் போய்விடுவான். இதுவே ஆறு முறை நடந்தது, எண்ணினேன். எதிரணி தரையில் ஆடவே இல்லை. தூரத்தில் இருந்து உயரத் தூக்கிப் போட்டு, எங்கள் கோல் முன்னால் இரண்டு நெட்டையன்களை நிறுத்திவைத்துவிட்டார்கள்.

பதினோராவது நிமிடம். கருப்பசாமி பந்தைக் காப்பாற்றி, கோல்காவலனுக்குப் பின்னோக்கி மெதுவாகத் தட்டினான். ஆயிரம் தடவை தட்டியதுதான். பந்து பாதி வழியில் நின்றது. கோல்காவலன் காலை எடுக்கப் பார்த்தான், வரவில்லை. நெட்டையன் ஒருவன் வந்து சாவகாசமாக உள்ளே தள்ளிவிட்டுப் போனான். வேலியோரம் இருந்து ஒரு குரல்: "ஏலே, பந்தாடுதியளா, உளுந்து வெதைக்கியளா?" கூட்டம் சிரித்தது. எனக்கு அவனைத் தேடிப்போய் அடிக்கவேண்டும் போல இருந்தது. ஆனால் அவன் கேட்டதில் தப்பே இல்லை.

இடைவேளைக்கு முன்பே இரண்டாவது. 52வது நிமிடத்தில் கருப்பசாமி கறுப்புக்கு வெளியே கிடைத்த ஃப்ரீ கிக்கை, நான் சொன்ன மாதிரியே மேலே தூக்கி, வலது மூலையில் சொருகினான். அய்யாத்துரை டிராக்டர் மேல் ஏறி நின்று துண்டைச் சுழற்றினார். அந்தப் பத்து நிமிடம் மைதானமே எங்களுடையது. பிறகு 64வது நிமிடத்தில் எங்கள் கோல்காவலன் குதிக்கப் போய், கால் எழும்பாமல் முகம் குப்புற விழுந்தான். பந்து அவனுக்கு மேலே போனது. மூன்று ஒன்று. அப்புறம் நடந்ததை எழுத ஒன்றுமில்லை. நடுவரைப் பார்த்தும் கத்தினேன். அவர் மேல் தப்பு இல்லை, சும்மா கத்தினேன்.

இப்போது இந்தப் பயணத்தின் உச்சம். குடைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த முதலாளி, பரிசைக் கொடுத்துவிட்டு, எங்கள் பையன்களைப் பார்த்து "சரி தம்பிகளா, இனி படிப்பைப் பாருங்க" என்றார். அவ்வளவுதான். காரில் ஏறினார். கார் மைதானத்து ஓரமாகத் திரும்பும்போது பின்சக்கரம் கோல் பக்கக் கரம்பைக்குள் இறங்கி, அங்கேயே சுற்றியது. யாரும் கூப்பிடவில்லை. பதினொரு பேரும், சட்டை எது தோல் எது என்று தெரியாத அந்தக் கோலத்தில், தானாக ஓடிப்போய்க் காரைத் தள்ளத் தொடங்கினார்கள்.

என்னால் தாங்க முடியவில்லை. "ஏன்டே தள்ளுதிய? உங்க டீமைக் கலைக்கப் போறவன் காருடே அது!"

"மாட்டிக்கிட்டாவல்லா. தள்ளாம என்னண்ணே செய்ய?" என்றான் கருப்பசாமி, தோளை டிக்கியில் கொடுத்துக்கொண்டே.

"எல்லாம் அந்த எஞ்சினீயரால. யாருடே அவன்? பேரைச் சொல்லு, நான் பேசிக்கிடுதேன்."

"விடுங்கண்ணே."

"என்ன விடுங்கண்ணே? சொல்லு!"

அய்யாத்துரை அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்குக் கீழே கல் போட்டுக்கொண்டிருந்தார். "சொல்லேம்ல, அவரு இவ்வளவு கேக்காருல்லா" என்றார்.

கருப்பசாமி தள்ளுவதை நிறுத்தவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. "ஒங்ககிட்டதாம்ணே கேட்டேன்" என்றான்.

எனக்கு ஞாபகமே இல்லை என்று எழுதினால் பொய். அந்த நிமிடம் முழுசாக ஞாபகம் வந்தது. சைட்டில் காங்கிரீட் போட்டுக்கொண்டிருந்தோம். மூன்று கலவை லாரி வரிசையில், பம்ப் நின்றுபோய், மேலதிகாரி திட்டிக்கொண்டிருக்கும்போது போன். "அண்ணே, கோல் பக்கம் கரம்பை அடிக்கலாம்னு பாக்கோம், சரியா வருமா?" "அடிங்கடே, நல்லதுதான்." "மழை வந்தா?" "ஒண்ணும் ஆகாது, போனை வையி." ஒரு நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டேன். எங்கள் வீட்டில் அப்பா வருடாவருடம் கரம்பை அடிப்பார். கரம்பை என்ற சொல் காதில் விழுந்ததும் வாய் தானாக நல்லது என்றது. அன்றைக்குப் பதில் சொன்னது எஞ்சினீயர் இல்லை, கயத்தாற்றுச் சம்சாரி மகன். ஆனால் அவன் கேட்டது எஞ்சினீயரிடம்.

அறைக்குள் நான் கத்தியபோது அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. அவர்கள் ஷூ நாடாவைப் பார்த்தது பயத்தால் இல்லை.

நானும் காரில் கை வைத்தேன். வேறென்ன செய்வது? கரம்பை கணுக்கால் வரை ஏறியது. கார் வெளியே வந்ததும் பின்கண்ணாடியைத் தட்டினேன். முதலாளி இறக்கினார். "சார், தப்பு என் மேல. நான் இங்க படிச்ச சிவில் எஞ்சினீயர். கிரவுண்டுல கரம்பை அடிக்கலாம்னு சொன்னது நான்தான். பயலுவ நல்லா ஆடுதாவ, நீங்களே பாத்தீய. இன்னும் ஒரு வருசம் விடுங்க."

என்னை மேலும் கீழும் பார்த்தார். வெறுங்கால், உடம்பெல்லாம் சேறு. "நம்ம காலேஜ்லயா படிச்சீய?" என்றார்.

"ஆமா சார்."

"யாரு சொன்னா என்ன தம்பி, மூணு மூணுதானே" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார். கார் போய்விட்டது. நான்கு நாளாகக் கோபம் ஆறாததற்கு அந்த ஒரு வரிதான் காரணம்.

கயத்தாறு அங்கிருந்து ஐம்பது கி.மீ.கூட இல்லை. வீட்டுக்குப் போகவில்லை. அம்மா இதைப் படித்தால் மன்னிக்கவும். அய்யாத்துரை டிராக்டரிலேயே சாலைவரை கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது, "கரம்பை நல்ல மண்ணுதான் சார், அடிச்ச எடந்தான் தப்பு" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா குத்திச் சொன்னாரா என்று தெரியவில்லை. 6.10 பேருந்தில் கோவில்பட்டி, அங்கிருந்து சென்னை ரயில்.

இனி போகிறவர்களுக்கு. ஐப்பசி, கார்த்திகையில் கரிசல் பக்கம் போனால் பச்சை பார்க்கலாம், உளுந்தும் பருத்தியும் மக்காச்சோளமும் கண்ணுக்கு எட்டினவரை நிற்கும், அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தார் சாலையை விட்டு இறங்கினால் காலணியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய துணி ஒன்று, தண்ணீர் பாட்டில் ஒன்று காலைக் கழுவ. காய்ந்துவிட்டால் கரிசல் கழுவினால் போகாது, குச்சியால் சுரண்டவேண்டும். கார் கொண்டுபோகிறவர்கள் மண் பாதையில் திருப்பவே திருப்பாதீர்கள், தள்ள ஆள் கிடைப்பார்கள்தான், அதற்காகச் சொல்கிறேன். கடலைமிட்டாய் வாங்குகிறவர்கள் கோவில்பட்டியில் போகும்போதே வாங்கிவிடுங்கள், திரும்பும்போது மனநிலை எப்படி இருக்கும் என்று சொல்லமுடியாது. நான் வாங்கவில்லை. என் மொத்தச் செலவு, இருவழி ரயில் சேர்த்து, 655 ரூபாய்.

இதைப் பாதி எழுதி வைத்திருந்தேன்; இன்று மதியம் சைட்டில் இருந்தபோது கருப்பசாமி போன் செய்தான். ஜனவரியில் வானம் தோண்டும்வரை ஆடப்போகிறார்களாம். மண் கொஞ்சம் காய்ந்ததும் கரம்பையை வழித்து அண்ணன் புஞ்சைக்கே கொண்டுபோகப் போகிறார்கள். "அடியில சரள் பேந்து கெடக்கும்லாண்ணே, அதுக்கு மேல என்ன அடிக்கலாம்?" என்று கேட்டான்.

திரும்பவும் என்னிடம்தான் கேட்கிறான். இத்தனைக்கும் பிறகு.

சைட்டில் லாரி நின்றுகொண்டிருந்தது. நிற்கட்டும் என்று விட்டுவிட்டு, எத்தனை நாளில் காயும், எந்தப் பக்கம் சரிவு, அடிச் சரள் எவ்வளவு மிச்சம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவனுக்குப் பாதிக்குப் பதில் தெரியவில்லை. "எதையும் அடிக்காதிய. நான் வந்து தோண்டிப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றேன். வெள்ளிக்கிழமைக்கு அதே ரயிலில் டிக்கெட் போட்டாயிற்று. இந்த முறை ஷூ கொண்டுபோகவில்லை.